ஆவாரை உலகைக் காத்த வாரம்

சௌந்தரநாயகி, எந்தச் சோதனையையும் மும்முறை செய்து பாராமல் வாய் திறவாதவள். மூலிகைச் சாறுகளைத் தானே சோதிக்கும் அவளுடைய ஆய்வக இயந்திரத்துக்கோ அந்தப் பொறுமை கிடையாது. கண்ணாடித் தட்டில் புற்றுநோய்ச் செல்கள் மடிந்த கணமே, ஊரார் கைப்பேசிகளுக்கெல்லாம் நற்செய்தி அனுப்பிவிடும். சென்ற வாரம் உலகைக் காத்தது வேம்பு, இவ்வாரம் ஆவாரை. ஒரே பொழுதில் சாலையோரப் புதர்கள் மொட்டையாயின.

நுரையீரல் புற்றுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த அவள் அண்ணன் சிவக்கொழுந்து, ஆவாரைக் கஷாயத்தோடு அமர்ந்திருந்தார்.

“உன் தட்டுலயே செத்துப்போச்சாமே, பாப்பா! இனி ஊசி எதுக்கு?”

“தட்டுல சோப்புத் தண்ணி ஊத்தினாலும் சாகும்ணே.”

“அப்படியா? அதையும் ஒரு டம்ளர் காய்ச்சு!”

அவள் சிரிக்கவில்லை. பத்து மணிக்கு அவருக்கு மருத்துவமனையில் ஊசி. ஆய்வகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவருடைய செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

“கிளம்புங்கண்ணே. இன்னிக்கு நானும் கூட வர்றேன்.”