பிராக் பாலத்தில் வெயில்

பிராக் நகரத்துப் பழைய கல்பாலத்தில் மத்தியான வெயில் பளீரென்று கிடக்கிறது. கீழே ஆற்றில் படகுகள் அசைகின்றன, எங்கோ வயலின் கேட்கிறது. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் செல்வக்குமார், கூட்டாளி தவுபிக்கோடு ரெண்டு நாள் ஊர் பார்க்க வந்திருக்கிறான். "நானும் வாரேங்க" என்று ஆசையாய்க் கேட்ட மனைவி எழிலை, "அந்தக் குளிரு ஒனக்கு ஆகாது" என்று தட்டிக்கழித்துவிட்டு வந்தவன். இப்போது செல்போனில் அவளுக்குப் பாலத்தைக் காட்டுகிறான். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி அவள் கண்ணெடுக்காமல் பார்க்கிறாள்.

"அங்கன ரொம்பக் குளிருதாங்க?"

அரைக்கைச் சட்டையில் வியர்த்து நிற்கும் தவுபிக் இவனைத் திரும்பிப் பார்க்கிறான்.

"ஆமா" என்கிறான் செல்வக்குமார்.

"காத மூடிக்கிடுங்க. ஒங்களுக்குச் சட்டுனு சளி பிடிச்சுரும்."

தவுபிக் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். செல்வக்குமார், வெயிலில் சூடேறிய காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவளுக்குத் தலையாட்டுகிறான்.