முதுகுப் பக்கம்

பாளையங்கோட்டை அருங்காட்சியகத்தின் சிலைக்கூடத்தில் எல்லோரும் சிலைகளின் முகத்தைப் பார்த்தபடி நகர்கிறார்கள். முத்துராணி மட்டும் ஒரு கல் பெண்ணுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நின்று அவள் முதுகைப் பார்க்கிறாள். கல்யாண ரவிக்கைகளின் முதுகில் ஆரி ஊசியால் பூவேலை செய்கிறவள் இவள். "போன்ல இருக்க டிசைன் எதுவும் வேண்டாம்க்கா, நீங்களே யோசிச்சுப் போடுங்க" என்று திசையன்விளை மணப்பெண் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத்துணி வெறுமனே கிடக்கிறது. ஜன்னல் வெயில் சிலையின் தோளோடு நின்றுவிடுகிறது. பின்பக்கம் ஒரே இருட்டு. "யம்மா, அங்கன என்ன பாக்கிய? மொகம் இங்கனல்லா இருக்கு!" என்கிறார் காவலாளி. "மொகம் இருக்கட்டும் அண்ணாச்சி. கொஞ்சம் வெளிச்சம் காட்டுதியளா?" அவர் முனகிக்கொண்டே செல்போன் விளக்கை இடுக்குக்குள் நீட்டுகிறார். கழுத்தணியின் கயிறு பிடரியில் முடிச்சிட்டு, முதுகுத்தண்டு வழியே இறங்கி, இடுப்புக்கு மேலே குஞ்சமாக விரிகிறது. இழை இழையாகத் தெரிகிறது. யாரும் பார்க்காத பக்கத்திலும் உளி சோம்பவில்லை. முத்துராணியின் விரல்கள் சிலையைத் தொடாமல், காற்றிலேயே ஊசி பிடித்து, அந்தக் குஞ்சத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை தைத்துப் பார்க்கின்றன. காவலாளியும் தலையை நீட்டுகிறார். "இத்தன வருசமா இங்கன இருக்கேன், இத நான் பாத்ததே இல்லையே! நீங்க காலேஜ் டீச்சரா?" முத்துராணி நிமிர்கிறாள். சேலையில் அப்பிய சுவர்ச் சுண்ணாம்பைத் தட்டிவிடக்கூட இல்லை. "இல்ல அண்ணாச்சி. நானும் இதே வேலதான் பாக்கேன்."