காதில் ஒயர்

“அநியாயத்தைப் பார்த்தியா? காதுல ஒயரை மாட்டிக்கிட்டுப் பாட்டு கேட்கிறாரு மனுஷன்!”

ஆபரேஷன் தியேட்டர் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. பஸ் டிரைவர் அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். உள்ளே அவருடைய ஐந்து வயது மகளுக்குத் தொண்டைச் சதை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“யாருங்க?” என்றாள் மனைவி, பெஞ்சில் உட்கார்ந்தபடியே.

“மயக்க டாக்டர்தான். குட்டி பக்கத்துல ஸ்டூலைப் போட்டுக் கண்ணை மூடிட்டாரு. விரல்ல தாளம் வேற.”

“இருக்காதுங்க.”

“நான் என்ன குருடா? நாற்பது பேரைப் பின்னாடி வச்சுக்கிட்டு நான் இப்படி மாட்டினா சஸ்பெண்டு. இவரைக் கேட்க நாதியில்லை.”

மனைவி ஒரு பார்வை பார்த்தாள். “அதை நீங்க சொல்றீங்க பாருங்க.”

அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆறு மாதமாக அவள் சரியாகத் தூங்கவில்லை. குட்டிக்குத் தூக்கத்தில் குறட்டை. குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்றுவிடும். அவள் மகளின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள், புரட்டிப் படுக்கவைப்பாள், மறுபடி கேட்பாள். சதையை எடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். மயக்கம் தெளிகிற நேரம்தான் கண்டம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

“முடிஞ்சிருச்சு போல. வாயிலேருந்து குழாயை எடுத்துட்டாரு,” என்றார் டிரைவர். “அப்பவும் ஒயரைக் கழட்டல பாரு.”

சட்டென்று அவர் கண்ணாடியில் நெற்றியை அழுத்தினார்.

உள்ளே டாக்டர், யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைச் சாய்த்தார். மறுகணம் குட்டியின் முகத்தில் மூச்சு முகமூடியை வைத்து அழுத்தி, இரண்டு கையாலும் தாடையைத் தூக்கிப் பிடித்தார். விரல் நுனிகள் வெளுத்துப்போயின. நர்ஸ் அதோடு சேர்ந்த காற்றுப்பையை மெல்ல அழுத்தினாள். மற்றவர்கள் அசையவில்லை.

அதற்குப் பிறகுதான் குட்டியின் தலைமாட்டில் இருந்த மெஷின் கத்த ஆரம்பித்தது.

டிரைவர் தன்னையறியாமல் எண்ணினார். பதினேழு வரும்போது குட்டியின் கால் கட்டைவிரல் அசைந்தது. மெஷின் ஓய்ந்தது.

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்ல.” பயம் இறங்கியதும் கோபம் ஏறியது. “பாட்டு கேட்டுட்டு உட்கார்ந்திருந்தா இப்படித்தான் ஆகும். வெளியே வரட்டும், கேட்கிறேன்!”

கதவு திறந்து தள்ளுவண்டி வந்தது. குட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள்மேல் குனிந்தபடியே டாக்டர் நடந்துவந்தார். வயதானவர். காதில் அது அப்படியே இருந்தது.

“ஏன் சார், பச்சைப் புள்ளை உசுரு ஊசலாடுது, உங்களுக்குப் பாட்டு கேட்குதா?”

டாக்டர் ஒரு விரலைத் தூக்கினார். கண் குட்டியின் உதட்டைவிட்டு நகரவில்லை.

“பதில் சொல்லுங்க சார்!”

“கத்தாதீங்க. எனக்குக் கேட்கல,” என்றார் டாக்டர். பிறகு என்ன நினைத்தாரோ, அதைக் கழற்றி டிரைவரின் காதில் சொருகினார்.

அது ஒயர் இல்லை. மெல்லிய ரப்பர் குழாய். போர்வைக்குள் போய், குட்டியின் நெஞ்சில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்த ஒரு வில்லையில் முடிந்தது.

இருபது வருஷமாக இன்ஜினைக் காதாலேயே படிக்கிறவர் டிரைவர். இப்படியொரு சத்தத்தை அவர் கேட்டதில்லை. உஸ்ஸென்று உள்ளே போனது. கொஞ்சம் நின்றது. அவர் மூச்சும் நின்றது. பிறகு வெளியே வந்தது. அதற்கு அடியில், யாரையும் கேட்காமல், எதற்கும் நிற்காமல், டொக்டொக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

“மூச்சுக்குழல் மொத்தமே இவ்வளவுதான்.” டாக்டர் குட்டியின் சுண்டுவிரலைத் தொட்டுக் காட்டினார். “அடைச்சா மெஷின் சொல்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். இது உடனே சொல்லிடும். கொடுங்க, நேரமாகுது.”

வாங்கி மாட்டிக்கொண்டு, மறுபடி குனிந்து நடந்தார்.

“என்ன பாட்டுங்க?” என்றாள் மனைவி.

அவர் தள்ளுவண்டியின் பின்னாலேயே நடந்தார்.

லீவு முடிந்து வந்த அன்று முதல் டிரிப். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்ததும் கண்டக்டர் எட்டிப் பார்த்தான்.

“என்னண்ணே, உலக அதிசயமா இருக்கு! காதுல பாட்டு இல்லாம ஒருநாளும் வண்டியை எடுக்கமாட்டீங்களே, ஒயர் எங்கே?”

டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். எல்லா சீட்டும் நிரம்பியிருந்தது.

“நாற்பது மூச்சு ஓடுதுடா,” என்றார். “கேட்க வேண்டாமா?”