முனை இல்லாத நங்கூரம்

மங்களம் எடுத்தது நான்காவது நங்கூரமா ஐந்தாவதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று நான் அந்தப் படகுச் சாமான் கடையில் கயிறு வாங்க நின்றிருந்தேன்; மற்றதெல்லாம் பிறகு கேட்டது, இரண்டும் கலந்திருக்கலாம். ஆனால் மங்களம் ஒவ்வொரு நங்கூரமாகத் தூக்கி, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு இறக்கியது நினைவிருக்கிறது.

“பாசார்ல பூசணிக்காயா வாங்குறீங்க, அக்கா?” என்றார் கடைக்கார மாயாண்டி. யாரும் சிரிக்கவில்லை. மங்களத்தின் கணவர் அர்ச்சுனன் இறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அர்ச்சுனன் மலேசியக் கடற்படையில் இயந்திரம் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றதும் முப்பதடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, லூமுட் படகுத்துறையில் கட்டி வைத்தார். வீடு ஈப்போவில், ஆள் படகில்.

“அண்ணன் பெரிய நங்கூரம் எடுக்க மூணு மாசம் யோசிச்சாரு. கலப்பை மாதிரி இருக்கணும், சேத்துல நல்லா கொத்தணும்னு உயிரை எடுத்தாரு. நீங்க என்னன்னா முனையே இல்லாததைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க.”

அவள் கையில் இருந்தது கவிழ்த்த கிண்ணம் போன்ற சின்ன நங்கூரம். தண்டு ஒரு சாண்கூட இல்லை.

“இது எத்தனை கிலோ, தம்பி?”

“மூணரை. சின்னத் தோணிக்குப் போடறது லா. உங்க படகை இது பிடிக்காது.”

“பரவால்ல. இதையே குடுங்க.”

“சங்கிலி?”

“வேணாம்.”

மாயாண்டி அவள் மகன் தீபனைப் பார்த்தார். தீபன் வாசலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“படகை விக்கப் போறோம். சாமான்ல ஒண்ணும் குறையா இருக்கக் கூடாது,” என்றாள் மங்களம்.

“அப்ப சரி. துணியில நல்லா சுத்தி வைங்க, அக்கா. அலை அடிச்சா உருண்டு பலகையை இடிக்கும்.”

படகில் அவள் அதை அர்ச்சுனனின் பழைய வேட்டி ஒன்றில் சுற்றினாள். மூன்று சுற்று, மேலே ஒரு முடிச்சு. தீபன் முன்பக்கத்துச் சங்கிலிப் பெட்டியைத் திறந்து பிடித்தான். அவள் குனிந்து, பெரிய நங்கூரத்தின் பக்கத்தில் அசையாமல் வைத்தாள்.

நிமிராமலே கேட்டாள். “கடைசியாக் கேக்குறேன்யா. சாம்பலை வீட்டுல வெச்சுக்கலாமா?”

“அம்மா, காரியம் செய்யுற பண்டாரம்தான் சொல்லிட்டாரு லா. பதினாறாம் நாளுக்குள்ள கரைக்கணும். வீட்டுல வெச்சா நல்லதில்ல. பத்துமலை மாமா வேற தினமும் போன் பண்றாரு.”

“இருவத்தோரு வருஷம் கடலுக்குக் குடுத்தேன். அப்புறமும் இந்தப் படகுக்குக் குடுத்தேன். செத்தும் கடலுக்கேவா?”

தீபன் பெட்டியின் மூடியைச் சாத்தினான். படகு கட்டுக்கயிற்றில் இழுபட்டு, விட்டு, மறுபடி இழுபட்டது.

“சரி. நாளைக்கே போலாம்,” என்றாள்.

மறுநாள் காலை பாய் விரிக்கவில்லை. இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு பங்கோர் தீவு தெரியும் தூரம்வரை போனார்கள். தீபன், மங்களம், பண்டாரம், மூன்று பேர்தான். சாம்பலையும் மங்களம் அவருடைய இன்னொரு வேட்டியில் கட்டி, பூசைக் கூடையோடு முன்பக்கம் வைத்திருந்தாள். பண்டாரம் மந்திரம் சொல்லி முடித்ததும் மங்களம் முன்பக்கம் போய், வேட்டியில் கட்டிய பொட்டலத்தை எடுத்துவந்தாள். மேலே ஒரு பிடி பூவை வைத்து, மகனின் இரண்டு கைகளிலும் கொடுத்தாள்.

தீபன் அதைப் பிடித்தபடி நின்றான். “இவ்ளோதானாம்மா அப்பா?”

அவள் சரிந்த பூவை நேராக்கினாள்.

“கடலுக்கு முதுகு காட்டி நில்லு தம்பி,” என்றார் பண்டாரம். “தலைக்கு மேல தூக்கிப் பின்னால போடு. என்ன ஆனாலும் திரும்பிப் பாக்கக் கூடாது.”

போட்டான். ஒரே ஒரு சத்தம். பூ மட்டும் மிதந்தது.

“சில பேர் படகு கூடவே மிதந்து வருவாங்க. இவரு உடனே போயிட்டாரு. நல்ல ஆத்மா,” என்றார் பண்டாரம். தீபன் அழுதான். மங்களம் அழவில்லை.

ஈப்போ வரைக்கும் காரில் அவள் பூசைக் கூடையை மடியிலேயே வைத்திருந்தாள். மேலே மீதித் தேங்காயும் வாழையிலையும் இருந்தன. “பின்னால வைக்கவாம்மா?” என்று தீபன் இருமுறை கேட்டான். இருமுறையும் தலையை ஆட்டி மறுத்தாள்.

பிறகு அப்படியொன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. படகைத் தைப்பிங்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். தீபன் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பினான். மாயாண்டி அதே கடையில் இருக்கிறார். மங்களம் ஈப்போ வீட்டில் இருக்கிறாள். மகன் பலமுறை கூப்பிட்டும் அந்த வீட்டை விட்டு ஓர் இரவுகூடப் போகவில்லை.

படகை ஒப்படைத்த அன்று மட்டும் தீபன் லூமுட்டிலிருந்து போன் செய்தான். “அம்மா, சாமானெல்லாம் சரி பாக்குறோம். அந்தச் சின்ன நங்கூரத்தை மட்டும் காணோம். எங்க வெச்சீங்க?”

மறுமுனையில் காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது.

“நீதான்யா அதைத் திரும்பிப் பாக்காம போட்ட.”