தண்டச்சோறு

அன்று காலையும் கோழிப்பண்ணைக்காரரின் மனைவி தீவனக் கொட்டகை வாசலில் பூனைக்குப் பால் ஊற்றினாள்.

"தண்டச்சோறு! நாலு வருஷத்துல இது ஒரு எலியைப் பிடிச்சு நான் பார்த்ததில்ல" என்றார் அவர்.

"பிடிச்சதும் உங்ககிட்ட வந்து சலாம் வைக்கணுமாக்கும்?"

மாலையில் பூனை மூக்கில் ரத்தம் வழியச் சுருண்டு கிடந்தது. கால்நடை மருத்துவர் ஊசி போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "விஷம்மா. ரொம்ப லேட்டாயிடுச்சு."

"என் கையால ஊத்தினாத்தான் பாலே குடிக்கும். விஷத்தை எப்படி டாக்டர் தின்னும்?"

"விஷம் தின்ன எலிகளைப் பிடிச்சுத் தின்னிருக்கு. அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல."

அவள் மடியிலேயே பூனையின் மூச்சு நின்றது. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "விஷம் வெச்ச பாவி யாருன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

"ம்" என்றார்.

போன வாரம் உத்தரத்தில் ஓர் எலி ஓடியதைப் பார்த்து, பூனையை நம்பிப் பயனில்லை என்று, அவளுக்குத் தெரியாமல் பரணில் மருந்து வைத்தவர் அவர்தான்.

எழுந்து கொட்டகைக்குள் போனார். தீவன மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நாலு வருடமாக இருந்தது போலவே, ஒன்றில்கூட ஓட்டை இல்லை.