ஒரு காலத்தில் அவனுடையது

"பாவம்யா அந்த மனுஷன்! வண்டி இங்க நிக்குது. அவன் எந்த பஸ் ஸ்டாப்புல நிக்கிறானோ!"

வெண்டல் மைக்கில் இப்படிச் சொன்னதும் தீயணைப்பு நிலையத்து மைதானமே சிரித்தது. வர்ஜீனியாவின் அந்தச் சின்ன ஊரில் வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை டிரக் பிரியர்கள் கூடுவார்கள். நம்பருக்குப் பதிலாகத் தாங்களே ஒரு வார்த்தை யோசித்து, தனியாகப் பணம் கட்டி வாங்கிய நம்பர் பிளேட்டோடு வருவார்கள். எந்த பிளேட்டுக்குக் கைதட்டல் அதிகமோ அதற்குக் கோப்பை.

பிளேட்டில் ஏழு ஆங்கில எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. குழாய் ரிப்பேர் செய்யும் ராய்ஸின் டிரக்கில் 'ஒழுகுது' என்று இருக்கும். நாலு பெண்களைப் பெற்றவர் 'காப்பாத்துங்க' என்று போட்டுக்கொண்டு வருவார். ஒவ்வொன்றையும் படித்துச் சொல்லி வண்டிக்காரர்களை ஒரு வாங்கு வாங்குவது பதினோரு வருஷமாக வெண்டலின் வேலை.

இப்போது அகப்பட்டவள் நொரீன். நூறு மைல் தள்ளியிருந்து முதல் தடவையாக, தனியாக வந்திருந்தாள். அவளுடைய அறுபத்தெட்டாம் வருஷத்து நீல டிரக்கின் கதவைப் பார்த்து முகச்சவரம் செய்துகொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. பிளேட்டில் ஆங்கிலத்தில் ஆறே எழுத்து: 'வாஸ் ஹிஸ்'. அதாவது, ஒரு காலத்தில் அவனுடையது.

வெண்டல் விடுகிற மாதிரி இல்லை. "டைவர்ஸ் கோர்ட்டுல வண்டியை மட்டும்தான் வாங்குனீங்களா அம்மணி? இல்ல, அவன் ஜட்டியையும் உருவிட்டீங்களா? சொல்லுங்க, அந்த 'அவன்' இப்ப எங்க?"

மைக்கை அவள் வாயருகே நீட்டினான். நொரீனின் முகம் வெளுத்துவிட்டது.

"போயிட்டாரு," என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் ஒலிபெருக்கி அதை மைதானத்தின் கடைசி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. முன்னால் நின்ற ஒருவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் இருநூறு தொப்பிகள் கழன்றுவிட்டன. நொரீன் சுற்றுமுற்றும் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

வெண்டலுக்குக் காதெல்லாம் எரிந்தது. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய் ஜட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறோமே என்று கூசிப்போனான். மைக்கை ராய்ஸின் கையில் திணித்துவிட்டு, லெமனேட் விற்கும் மேசைக்குப் பின்னால் போய் ஒதுங்கினான். அங்கே அவன் மனைவி டெல்லா கரண்டியோடு காத்திருந்தாள்.

"உன் வாய்க்குப் பூட்டே கிடையாதா? பாவம், புருஷன் ஞாபகமா அந்த வண்டியைத் துடைச்சுத் துடைச்சு வெச்சிருக்கா. அவளைப் போயி..."

"எனக்கு எப்படித் தெரியும் டெல்லா? தெரியாமத்தான் கேட்டேன்."

"எங்கிட்ட அழுது என்ன பிரயோஜனம்? அவகிட்ட போயிச் சொல்லு."

இரண்டடி போனான், திரும்பி வந்தான். பிறகு ஒரு டம்ளர் லெமனேடை எடுத்துக்கொண்டு போனான். நொரீன் டிரக்கின் படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் அவனுக்கு வரவில்லை.

"மேடம், என்னை மன்னிச்சிடுங்க. நான் ஒரு மடையன்."

"பரவாயில்லைங்க. விடுங்க."

"எப்படி ஆச்சு? ஹார்ட்டா?"

நொரீன் லெமனேடையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா. அங்கதான் கோளாறு."

"திடீர்னா?"

"எனக்குத்தான் திடீர்னு. மூணு வருஷமாவே இருந்திருக்கு. நான்தான் கவனிக்கல."

"அது அப்படித்தான் மேடம். வெளியே தெரியவே தெரியாது," என்றான். சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கைதட்டலை எண்ணிப் பார்த்தால் கோப்பை ராய்ஸுக்குத்தான். ஆனால் ராய்ஸ் அதை வாங்கவில்லை. "அவங்களுக்கே குடுத்துடுப்பா. உன்னோட சேந்து நானும்தான் சிரிச்சேன். எனக்கே அசிங்கமா இருக்கு," என்றான்.

யாரும் ஆட்சேபிக்கவில்லை. வெண்டல் கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மைதானமே எழுந்து நின்றது. நொரீன் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். அவள் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது.

உடனே புறப்பட்டும்விட்டாள். கோப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்து வண்டியைக் கிளப்பியபோது வெண்டல் ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டான். கோப்பை கொடுத்தும் அவன் மனசு ஆறவில்லை.

"மேடம், ஒரே ஒரு நிமிஷம். உங்களை இப்படியே அனுப்பிட்டா நான் மனுஷனே இல்ல. அவரை எங்க அடக்கம் பண்ணியிருக்கீங்க? எவ்வளவு தூரமா இருந்தாலும் சரி. நானும் டெல்லாவும் வந்து, பூ வெச்சு, அவர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போறோம்."

நொரீன் இன்ஜினை அணைத்தாள். கோப்பையை எடுத்து ஜன்னல் வழியாக அவன் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அத்தனை பேரும் தொப்பியைக் கழட்டிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க. வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. அவரு புளோரிடாவுல இருக்காரு."

"அங்கயா அடக்கம்?"

"அடக்கமெல்லாம் இல்லைங்க. என் தங்கச்சியோட குடித்தனம்."