தூளிக்கு வந்த கோபம்

ஒரு வீட்டில் பழைய நூல்சேலை ஒன்று மூன்று மாதமாகத் தூளியாகத் தொங்கிக் குழந்தையைச் சுமந்தது. தொட்டில் போடும் விழாவன்று அதை அவிழ்த்து மூலையில் எறிந்தார்கள். வாடகைக்கு வந்த தேக்குத் தொட்டில் இளித்தது.

"தொட்டில்னா நான்தான்டி. நீ வெறும் கந்தல்."

தூளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொட்டிலில் கிடத்தியதும் குழந்தை வீறிட்டது. தாய் ஓடிவந்து தூளியை மடித்துத் தொட்டிலுக்குள் விரித்தாள். பழகிய வாசனையில் குழந்தை தூங்கிப்போனது.

"ராசியான தொட்டில்!" என்றார்கள் வந்தவர்கள்.

"கேட்டியாடி?" என்றது தொட்டில்.

சற்று நேரத்தில் குழந்தை மூத்திரம் போனது. எப்போதும் சொட்டு சிந்தாமல் உறிஞ்சிக்கொள்ளும் தூளி, அன்று அத்தனையையும் கீழே விட்டது.

"ஐயோ, என் வார்னிஷ்!"

"தொட்டில்னா இதுவும்தான். வாங்கிக்கோ!" என்றது தூளி.